வாயிற்காவல் மட்டும் போதுமா?

கொல்கத்தாவில் ஹூக்ளி நதியை ஒட்டி அமைந்துள்ள கிடர்பூர் கப்பல்துறை 1892-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆபத்து என்றால் அது வெளியிலிருந்துதான் வரும் என்று கருதப்பட்ட காலம் அது. 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் அந்தத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது அந்தக் கணிப்பு மெய்யாகவும் ஆயிற்று. இன்றும் அங்குள்ள மதில்களும் வாயில்களும் வெளியிலிருந்து வரும் பகைக்காகவே கட்டப்பட்டவை. அன்றாடம் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு முறைப்படி உள்ளே நுழைபவரைப் பற்றி அந்த மதில்களால் எதுவும் சொல்ல முடியாது.

2015-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் கொல்கத்தா காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படை துறைமுகப் பகுதியில் மூவரைக் கைது செய்தது. அவர்களில் ஒருவர் கிடர்பூரை அடுத்துள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மற்றொருவர் அவருடைய மகன். போர்க்கப்பல் கட்டும் தளம் பற்றிய விவரங்களைப் பாகிஸ்தானின் உளவு அமைப்புக்கு அனுப்பினர் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. குற்றச்சாட்டின் உண்மையை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த விவகாரத்தில் முதல் துப்பு கிடைத்தது கப்பல் தளத்திலோ, கிடர்பூரிலோ அல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில். அங்கு அம்மாநில அதிரடிப்படை ஒருவரைப் பிடித்திராவிட்டால், கார்டன் ரீச்சில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழுந்திருக்குமா?

கார்டன் ரீச் சாதாரணத் தொழிற்கூடம் அல்ல. 1884-இல் ஆற்று நீராவிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960-இல் மத்திய அரசின் கைக்கு வந்த நிறுவனம் அது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ஐஎன்எஸ் அஜய் 1961-இல் அங்கிருந்துதான் கடற்படைக்குச் சென்றது. 2019-இல் நூறாவது போர்க்கப்பலை ஒப்படைத்தது. 2025 ஆகஸ்டில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ் ஹிம்கிரி அங்கு கட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் சேர்க்கப்பட்ட, நீர்மூழ்கிகளை வேட்டையாடும் ஐஎன்எஸ் அர்னாலாவை அந்நிறுவனம் கட்டியது எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளியில், எல் அண்டு டி நிறுவனத்துடன் சேர்ந்து. ஆகவே ஹூக்ளிக் கரையில் கசியும் ஒரு வரைபடம் வங்காளத்தின் கவலை மட்டுமல்ல; சோழமண்டலக் கடற்கரையின் கவலையும்கூட.

இவ்வளவு முக்கியத்துவம் வாய்ந்த தளங்களில் உள்ளே வேலை செய்பவர்களைப் பற்றிய பாதுகாப்பு நம் நாட்டில் எப்படி உறுதி செய்யப்படுகிறது? ஒப்பந்ததாரர் ஆள்களை அழைத்து வருகிறார். அவர்களுடைய சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்குச் சரிபார்ப்புப் படிவம் போகிறது. வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுதி வருகிறது. அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. அதன் பிறகு அந்த மனிதர் வாயிலில் உடல் சோதனைக்கு உள்ளாகும் ஓர் உருவம். வருகைப் பதிவேட்டில் ஓர் எண். அவருக்கு மூன்று மாதக் கூலி பாக்கி இருக்கலாம். கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கலாம். முகமறியாத ஒருவர் இணையத்தில் நட்பாகி, வேலை செய்யும் இடத்தின் புகைப்படத்தைக் கேட்டிருக்கலாம். இவற்றில் எதுவும் காவல் நிலையப் படிவத்தில் இடம்பெறாது.

நிறுவனத்துக்குள்ளும் நிலைமை சிறப்பாக இல்லை. லஞ்சத்தைக் கவனிக்கக் கண்காணிப்பு அதிகாரி இருக்கிறார். வாயிலைக் கவனிக்கப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். கணினிகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, குடும்பப் பிரச்னை ஆகியவை பணியாளர் துறையின் கோப்புகளில் உறங்குகின்றன. நான்கு மேசைகளிலும் ஒரே மனிதரைப் பற்றிய நான்கு துண்டுக் குறிப்புகள் இருந்தாலும், அவற்றைச் சேர்த்துப் படிப்பதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் கிடையாது. பாதுகாப்பு அதிகாரி என்ற பதவியே பல அரசு நிறுவனங்களில் வேறு துறையிலிருந்து அயல்பணியில் வருபவருக்கோ, ஓய்வை எதிர்நோக்கும் ஒருவருக்கோ கிடைக்கும் இடைக்கால நாற்காலிதான்.

வள்ளுவர் உட்பகைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தில்லி அதற்கு இதுவரை ஒரு பாடத்திட்டத்தைக்கூட ஒதுக்கவில்லை.

இத்தனைக்கும் தில்லிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1985 ஜனவரியில் வெளியான குமார் நாராயண் விவகாரத்தில் பிரதமர் அலுவலகத்திலிருந்தும் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்தும் ரகசியக் கோப்புகள் நகலெடுக்கப்பட்டு விலை பேசப்பட்டது நாட்டை உலுக்கியது. கோப்புகளை எடுத்துக் கொடுத்தவர்களில் பலர் உயர் அதிகாரிகளல்லர். அவர்களுடைய உதவியாளர்களும் எழுத்தர்களும்தான். பிரதமரின் முதன்மைச் செயலராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் பதவி விலகினார். பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராக இருந்தவரும் அவரே. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 17 ஆண்டுகள் ஆயின. 2004-இல் 'ரா' அமைப்பின் இணைச் செயலர் நிலை அதிகாரியான ரவீந்தர் சிங், சக அதிகாரிகளின் சந்தேகத்துக்கும் கண்காணிப்புக்கும் உள்ளாகியிருந்த நிலையிலேயே நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டே கடற்படையின் போர்க்கால அறையிலிருந்து தகவல்கள் விரலளவு நினைவகம் ஒன்றில் வெளியேறிய விவகாரம் தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் குழு அமைக்கப்பட்டது, சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. அந்தச் சுற்றறிக்கையைச் செயல்படுத்த வேண்டியவருக்கு அதற்கான தகுதி இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கிடர்பூரின் கதை கொச்சியிலும் வேறு உருவில் நிகழ்ந்தது. 2019 செப்டம்பரில், கட்டுமானத்தில் இருந்த விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தின் கணினிகளிலிருந்து வன்தட்டுகளும் நினைவகப் பாகங்களும் திருடு போயிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைரேகைகளை ஒப்பிட்டுப் பார்த்த தேசியப் புலனாய்வு முகமை, 2020 ஜூனில் இருவரைக் கைது செய்தது. இருவரும் கப்பலில் வர்ணம் பூச வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அயல்நாட்டு உளவாளியின் கைவரிசையாக இருக்குமோ என்று நாடே அஞ்சிய விவகாரத்தின் வேர் பணத் தேவையில் இருந்தது என்பதே புலனாய்வின் முடிவு. அந்தப் பரபரப்பு அடங்கிய சிறிது காலத்தில், அசாம் மாநிலத்தவர் என்ற போலி அடையாளத்துடன் ஓர் ஆப்கானியர் அதே தளத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்திருப்பது 2021-இல் தெரியவந்தது. அவரைத் தடுத்திருக்க வேண்டியது படிவச் சரிபார்ப்பு ஒன்றுதான். படிவத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

உட்பகை என்றால் துரோகம் மட்டும்தான் என்று கருதுவதும் பிழை. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி வலையமைப்பில் தீய மென்பொருள் நுழைந்திருப்பதாகச் செய்தி பரவியது. முதல் நாள் நிலையம் மறுத்தது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனரின் கணினி வழியே அது நுழைந்தது என்றும், உலைகளை இயக்கும் அமைப்பு தனியே இருப்பதால் பாதிப்பில்லை என்றும் விளக்கம் தரப்பட்டது. அங்கே துரோகி எவரும் இல்லை. ஆயினும் பகை உள்ளே வந்துவிட்டது. ஏமாற்றப்பட்டவரையும், கவனக்குறைவானவரையும், கடனில் மூழ்கியவரையும், விலை போனவரையும் ஒரே கண்ணால் பார்க்கும் அமைப்பு ஒருவரையும் சரியாகப் பார்க்காது.

இங்கேதான் அமெரிக்காவின் அனுபவம் கவனத்துக்கு உரியதாகிறது. ராணுவத்தின் ரகசிய ஆவணங்கள் 2010-இல் விக்கிலீக்ஸ் வழியே வெளியானதைத் தொடர்ந்து, 2011 அக்டோபரில் அதிபர் ஒபாமா பிறப்பித்த ஆணை, ரகசியங்களைக் கையாளும் ஒவ்வோர் அரசுத் துறையிலும் உட்பகைத் தடுப்புப் பிரிவை அமைக்கச் செய்தது. 2012 நவம்பரில் அதற்கான குறைந்தபட்சத் தர விதிகள் வகுக்கப்பட்டன. பின்னர் பாதுகாப்புத் துறை, இப்பணியில் ஈடுபடும் அரசு ஊழியர்களுக்கென்றே தொழில்முறைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அடிப்படைத் தேர்வு ஒன்று. பகுப்பாய்வில் ஈடுபடுவோருக்கு அடுத்த நிலைத் தேர்வு ஒன்று. தேர்ச்சி பெற்ற பிறகும் தொடர்ந்து கற்றுச் சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

2012-ஆம் ஆண்டு விதிகளில் நம் ஆட்சியாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இப்பிரிவில் பணியாற்றுபவர் எதிர் உளவின் அடிப்படைகளை மட்டுமல்ல, தனிமனித அந்தரங்கத்தையும் குடிமக்களின் உரிமைகளையும் காக்கும் சட்டங்களையும் கற்றிருக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். எந்தத் தகவலைத் திரட்டலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது புலனாய்வு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் அடக்கம். பிடிப்பதற்கான கல்வியோடு பிடிக்காமல் விடுவதற்கான கல்வியும் சேர்ந்தே கற்பிக்கப்படுகிறது.

அந்த இரண்டாவது கல்வி இல்லாததன் விலையைத் தமிழர்கள் நன்கறிவார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த விஞ்ஞானி எஸ். நம்பி நாராயணன் 1994 நவம்பர் 30-ஆம் தேதி கேரள காவல்துறையால் கைது செய்யப்பட்டார். கிரையோஜெனிக் இயந்திரத் தொழில்நுட்பத்தை விற்றார் என்பது அவர் மீதான பழி. அந்தத் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவிடமே இல்லை. ராக்கெட் இயந்திரம் என்பது நான்கு தாள்களில் மடித்துக் கொடுத்துவிடக்கூடிய சமையல் குறிப்பு அல்ல என்பதை விசாரித்தவர்களில் ஒருவரேனும் அறிந்திருந்தால், வழக்கு முதல் நாளிலேயே முடிந்திருக்கும். ஐம்பது நாள்கள் சிறை. உளவுத் துறை அதிகாரிகளின் கடும் விசாரணை. 1996-இல் சிபிஐ இந்த வழக்கில் உண்மை இல்லை என்று அறிக்கை அளித்தது. 1998-இல் உச்சநீதிமன்றம் மறுவிசாரணை முயற்சியைத் தடுத்து நிறுத்தியது. 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி, அந்தக் கைது தேவையற்றது என்று கூறி ரூ. 50 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. இழப்பீடும் விருதும் வந்து சேர ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் இழந்த ஆய்வு ஆண்டுகள், அவர் மட்டும் இழந்தவை அல்ல.

ஒரு மூத்த விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், கார்டன் ரீச் வாயிலில் நிற்கும் பற்றவைப்புத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? கிடர்பூரும் அதை ஒட்டிய மட்டியாபுர்ஜும் புலம்பெயர்ந்தோர் வாழும் பகுதிகள். 1856-இல் ஆட்சியை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா குடியேறிய பகுதி மட்டியாபுர்ஜ். துறைமுக வேலைக்காகப் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு ஏராளம்; இஸ்லாமியர்கள் பெரும் எண்ணிக்கையில் வசிக்கின்றனர். சென்னைக்கு பர்மா பஜார் எப்படியோ, அப்படியே கொல்கத்தாவுக்குக் கிடர்பூரின் பேன்சி மார்க்கெட். கடத்தல் பொருள்களின் சந்தை என்ற பழைய பெயரும் அதைவிட்டு நீங்கவில்லை. பயிற்சி இல்லாத ஓர் அதிகாரியிடம் சந்தேகப்படும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், அவர் முதலில் பார்ப்பது பெயரை, அடுத்து முகவரியை. ஒருவர் செய்யும் செயலை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார்.

அது அநீதி என்பதோடு, பயனற்றதும்கூட. குமார் நாராயண் விவகாரத்திலும், கடற்படைத் தகவல் கசிவிலும், 'ரா' அதிகாரியின் தப்பியோட்டத்திலும் சிக்கியவர்களின் பெயர்களும் முகவரிகளும் எவருடைய சந்தேகத்தையும் கிளப்பக்கூடியவையாக இருக்கவில்லை. காட்டிக்கொடுத்தது நடத்தைதான்: தன் பணிக்குத் தொடர்பில்லாத கோப்பைக் கேட்பது, நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கம் அடிக்கடி செல்வது, வருமானத்துக்குப் பொருந்தாத செலவு. தொழில்முறைப் பயிற்சி என்பதன் சாரமே இந்த வேறுபாட்டைக் கற்பிப்பதுதான். நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு, விசாரணையே இன்றி அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு இடமளிக்கிறது. 2021 முதல் ஜம்மு-காஷ்மீரில் பலர் இவ்வாறு வேலை இழந்தனர். விலக்காக வைக்கப்பட்ட ஒரு பிரிவு வழக்கமாகிறது என்றால், நம்பத்தகுந்த விசாரணையை நடத்தும் திறன் அரசிடம் வளரவில்லை என்றே பொருள்.

சான்றிதழ் என்பது மந்திரக் கோல் அல்ல என்பதையும் அமெரிக்காவே நிரூபித்திருக்கிறது. 2013 செப்டம்பரில் வாஷிங்டன் கடற்படை வளாகத்துக்குள் முறையான அனுமதிச் சீட்டுடன் நுழைந்த ஓர் ஒப்பந்த நிறுவன ஊழியர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். தனக்குக் குரல்கள் கேட்பதாக அவர் அதற்கு முந்தைய மாதம்தான் காவலர்களிடம் கூறியிருந்தார். கடற்படைக் காவலர்களுக்கும் அது தெரிவிக்கப்பட்டது. தடுத்து நிறுத்தும் நிலையில் இருந்தவர் மேசைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. விதிகளும் பயிற்சிகளும் வேரூன்றிய பின்னரும், மாசசூசெட்ஸ் மாநில வான்படைக் காவல் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உக்ரைன் போர் தொடர்பான ரகசிய ஆவணங்களை இணைய உரையாடல் குழுவில் வெளியிட்டு 2023 ஏப்ரலில் கைதானார். ரகசியத் தகவல்களை அவர் குறிப்பெடுப்பதை மேலதிகாரிகள் 2022-ஆம் ஆண்டிலேயே கண்டு எச்சரித்திருந்தனர். ஆனால் உரிய இடத்தில் முறையிடவில்லை. அலுவலகத்தில் ஒருவர் சான்றிதழ் பெற்றிருந்தால் போதாது, மற்றவர்கள் அவரிடம் போய்ச் சொல்லத் துணிய வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை ஊடுகதிர்த் திரையில் பார்க்கும் காவலர், சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவின் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் அந்த நாற்காலியில் அமர முடியாது. பைக்குள் இருப்பதைப் பார்ப்பவருக்கு இவ்வளவு கண்டிப்பு. மனிதருக்குள் இருப்பதை எடைபோட்டு அவருடைய பிழைப்பையே தீர்மானிப்பவருக்கு எந்தத் தேர்வும் இல்லை. ஹைதராபாதில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சிக் கல்வியகம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம் காந்திநகரில் இருக்கிறது. அரசு ஊழியர் பயிற்சிக்கென்றே அதே ஆண்டில் 'மிஷன் கர்மயோகி' அறிவிக்கப்பட்டது. கட்டடமும் பணமும் தடையல்ல.

தேர்வை நடத்துவது யார் என்பதுதான் கவனமாக முடிவு செய்யப்பட வேண்டியது. உளவு அமைப்புகளே பாடம் சொல்லி, அவையே தேர்வும் நடத்தினால், பழைய மனப்போக்கு புதிய காகிதத்தில் அச்சாகும். பாடத்திட்டத்தின் கணிசமான பகுதி சட்டமாக இருக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பும், நம்பி நாராயணன் வழக்கின் தீர்ப்பும் அதில் இடம்பெறாவிட்டால் அந்தப் பாடத்திட்டம் அரைகுறையானது. உளவியலும், தொழிலாளர் நலச் சட்டமும் அதில் வர வேண்டும். கூலி பாக்கியைத் தீர்த்து வைப்பதும் ஒருவகையில் பாதுகாப்பு நடவடிக்கைதான் என்று உணர்ந்த அதிகாரி, பத்து கண்காணிப்புக் கேமராக்களுக்குச் சமம். அயல்பணியில் வந்து இரண்டாண்டில் போய்விடுபவருக்குப் பதிலாக, இதையே தொழிலாகக் கொள்ளும் ஓர் அணி உருவாக வேண்டும். பதவி உயர்வும் சான்றிதழோடு இணைக்கப்பட வேண்டும்.

இன்னோர் ஐயமும் நியாயமானது. உட்பகையைத் தேடுகிறோம் என்ற பெயரில், ஊழலை வெளிக்கொணரும் ஊழியரை வேட்டையாடும் கருவியாக இது மாறாதா? தங்க நாற்கர நெடுஞ்சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் கொலை செய்யப்பட்டார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அவர் வேண்டியிருந்த கடிதம் மேசை மேசையாகப் பயணித்தது. அந்த மரணத்தின் எதிரொலியாக உருவான, தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு மட்டும் வரவில்லை. 1923-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய அலுவலக ரகசியச் சட்டமோ உயிர்ப்புடன் இருக்கிறது. ரகசியத்தைக் காக்கும் சட்டம் நூறாண்டு பழையது, உண்மையைச் சொல்பவரைக் காக்கும் சட்டம் இன்னும் பிறக்கவே இல்லை என்ற நிலையில், புதிய அதிகாரம் பெற்ற ஒரு பிரிவை உருவாக்குவது ஆபத்தானதே. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தை முதலில் நடைமுறைப்படுத்துவதும், சான்றளிக்கும் திட்டத்தை அதன் பிறகு தொடங்குவதும்தான் சரியான வரிசை.

2023 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் 11 ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தபோது அவற்றில் நான்கு கார்டன் ரீச்சுக்குக் கிடைத்தன. அவற்றைக் கட்டும் வேலைக்காகவும், அடுத்தடுத்து வரும் ஆணைகளுக்காகவும், கிடர்பூரின் பாலத்தைக் கடந்து தினமும் காலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த வாயிலுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றிய அரசின் அறிவு, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று எங்கோ ஒரு காவல் நிலைய எழுத்தர் முத்திரை குத்தி அனுப்பிய அந்த ஒற்றைத் தாளுடன் இன்றும் நின்றுவிடுகிறது.